சிறுவாட்டுக் காசும் கியூஆர் அட்டையும்

கேள்வி: சந்தையில் கீரை விற்கும் என் அம்மிச்சிகூட இப்போது கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். ரொக்கமே இல்லாமற்போனால் சமூகத்தில் என்ன மாறும்?
– வாசகி ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த அட்டை யாருடைய வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் அது மகனுடையதாகவோ பேரனுடையதாகவோ இருக்கிறது. கீரைக்கட்டைக் கொடுத்தவர் அம்மிச்சி, பணம் வந்து சேர்ந்த ஓசை கேட்பது வேறொருவர் கைப்பேசியில். முன்பெல்லாம் அந்தப் பத்து ரூபாய் நேராகச் சுருக்குப்பைக்குள் போகும். நம் பக்கத்துப் பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்த சிறுவாடு, யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத பணமாக இருந்ததால்தான், பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் கைகொடுத்தது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, அந்த ரகசியம் பல வீடுகளில் ஒரே வாரத்தில் வெளிப்பட்டது. (எங்கள் வீட்டிலும்தான்.)

இதற்கு மறுபக்கமும் உண்டு. திருப்பூர் பனியன் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணின் சனிக்கிழமைச் சம்பளம் அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே ஏறினால், வழியில் யாரும் கைநீட்ட முடியாது. வரவுப் பதிவு பின்னாளில் வங்கிக் கடனுக்கும் உதவும். பட்டன் கைப்பேசியிலிருந்தே பணம் அனுப்பும் யுபிஐ 123பே வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்தது. அம்மிச்சியின் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, அட்டையை அதனுடன் இணைத்துக் கொடுங்கள். சுருக்குப்பையும் இடுப்பிலேயே இருக்கட்டும்.