இம்பிளான்ட் பல்: சொன்ன விலையில் எதெல்லாம் அடங்கும்?

கேள்வி: அம்மாவுக்கு 53 வயது. தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். கீழே வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். கண்டியில் ஒரு தனியார் பல் வைத்திய நிலையத்தில் இம்பிளான்ட் வைக்கலாம், ஒரே நாளில் முடியும், ஆயுளுக்கும் இருக்கும் என்கிறார்கள். இந்த வாரமே முற்பணம் கட்டினால் கழிவும் உண்டாம். அம்மாவின் ஈ.பி.எஃப் பணம் கையில் இருக்கிறது. கட்டலாமா?
- ஒரு மகள், ஹட்டன்

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். இம்பிளான்ட் நல்ல சிகிச்சைதான். ஒழுங்காக வைத்துப் பராமரித்தால் பத்து வருடம் கழித்தும் 100க்கு 90க்கு மேல் உறுதியாக நிற்கின்றன. ஆனால் உழைத்துச் சேர்த்த ஈ.பி.எஃப் காசைக் கழிவைக் காட்டி அவசரமாக வாங்கப் பார்ப்பது சரியில்லை.

இதில் மூன்று பாகம் உண்டு: தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டேனியம் திருகு, அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கு மேல் பல் போன்ற கிரவுன். எலும்பு திருகைப் பற்றிக்கொள்ள வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஆகும். சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பார்கள். ஆனால் கடைவாயில் மெல்லும் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே பெரும்பாலும் பொறுத்துத்தான் வைப்பார்கள். கிரவுனும் ஆயுளுக்கும் வராது, இடையில் மாற்ற வேண்டி வரலாம்.

அவர்கள் சொன்ன தொகை திருகுக்கு மட்டுமா, மூன்றுக்கும் சேர்த்தா? முதலில் இதைக் கேளுங்கள். பல் போன இடத்தில் எலும்பு நாளடைவில் கரையும், கீழ்த் தாடைக்குள் நரம்பும் ஓடுகிறது. அதனால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம். எலும்பு போதாவிட்டால் எலும்பு சேர்க்கும் சிகிச்சையும் வரும், அதற்குத் தனி பில். எல்லாவற்றையும் தொகையோடு எழுதி வாங்குங்கள். திருகு எலும்பில் பிடிக்காமல் போனால் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பல தடவை போய்வர வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

திருகின் பெட்டியில் கம்பெனி, அளவு, தொகுதி இலக்கம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். சில வருடம் கழித்து இணைப்புத் துண்டைத் திருகோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் வேறு வைத்தியருக்கு அதற்குரிய சாவியும் உதிரிப்பாகமும் தேடுவது பெரும்பாடு.

அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா? சீனி வருத்தம் இருக்கிறதா? எலும்புத் தேய்வுக்கு மருந்தோ ஊசியோ எடுக்கிறாரா? வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும். முரசு நோய் இருந்தால் அதைக் குணமாக்கிய பிறகுதான் இம்பிளான்ட். வைத்த பிறகும் சுத்தம் குறைந்தால் திருகைச் சுற்றி முரசு வீங்கி எலும்பு கரையும்.

வேறு வழியும் உண்டு. கழற்றி மாட்டும் பல்செட் செலவு குறைந்தது. பக்கத்துப் பற்களைச் செதுக்கிப் பொருத்தும் பிரிட்ஜுக்கு இடைவெளியின் இருபுறமும் பல் வேண்டும். பிடுங்கியது கடைசிப் பற்கள் என்றால் அது சரிவராது.

வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பணம் கட்டுமுன் பேராதனை பல் போதனா வைத்தியசாலையிலும் ஒருமுறை காட்டுங்கள். எடுத்த எக்ஸ்ரே, எழுதி வாங்கிய விலைத்தாள், அம்மா போடும் மருந்துகள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.