'ப்ரோக்ளிவிட்டி' (proclivity) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாட்டம் என்று எழுதினால் போதுமா?

மண்டபம் ஊரிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி கேட்டது இது. பாதி சரி, தம்பி.

லத்தீனில் 'க்ளிவஸ்' என்றால் சரிவு, 'ப்ரோ' என்றால் முன்னோக்கி. அதாவது காலை வைத்தாலே தானாக இறங்கவைக்கும் சரிவு. அதனால் இது யோசித்துத் தேர்ந்தெடுக்கும் விருப்பத்தைச் சொல்வதில்லை, குணத்திலேயே ஊறிப்போன சாய்வைத்தான் சொல்கிறது, அதுவும் பல நேரம் நல்லதல்லாத பக்கமாக. பாம்பனில் ஒருவர் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறார் என்றால் அது ப்ரோக்ளிவிட்டி. நம் பேச்சில் 'சண்டைக்காரப் புத்தி', 'திருட்டுப் புத்தி' என்கிறோமே, அந்தப் 'புத்தி' இதற்கு ரொம்பவே பக்கத்தில் வரும். எழுத்துத் தமிழில் 'மனச்சாய்வு' என்று போடலாம்.

கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு ஒருவருக்கு உயிர் என்று வையுங்கள், அது 'பென்ஷன்ட்' (penchant). பிரெஞ்சுச் சொல், அதற்கும் சாய்வதுதான் மூலம், ஆனால் ரசனையோடு வரும் பிரியம். 'நாட்டம்' இங்கேதான் கச்சிதம். 'ப்ரொபென்சிட்டி' இயல்பான போக்கு, ப்ரோக்ளிவிட்டிக்கு நெருங்கிய உறவு.

'டெண்டன்சி' பொதுச்சொல், மனிதருக்கும் பொருளுக்கும் வரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதை டெண்டன்சி என்று எழுதுங்கள், அங்கே ப்ரோக்ளிவிட்டி போடாதீர்கள், இரும்புக்கு ஏது குணம்?

எதிர்ச்சொல் கேட்டால் 'அவெர்ஷன்', அதாவது வெறுப்பு. அப்புறம், வாக்கியத்தில் ப்ரோக்ளிவிட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் 'ஃபார்' வரும், 'டு', 'டுவர்ட்ஸ்' வந்தாலும் தப்பில்லை.