தீக்குச்சி போஸ்டரும் மட்டிப்பழமும்: கேள்வி பதில்

பழைய போஸ்டர் பாணி ஒன்றை எடுத்துக்கொண்டு நம்ம ஊர் விஷயத்துக்குப் போஸ்டர் செய்யப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நாகர்கோவிலில் சுவரில் பெயர் எழுதத் தொடங்கி, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவன் நான். கைப்பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: அண்ணா, மட்டிப்பழத்துக்கு, நம்ம குமரி மாவட்டத்துச் சின்ன வாழைப்பழத்துக்கு, ஒரு போஸ்டர் செய்யணும். பழைய பாணி எதையாவது எடுக்கச் சொல்லியிருக்காங்க. எது சரியா வரும்?

ஜெர்மனியின் பிளகாட்ஸ்டில். ஒரு பொருள், ஒரு பெயர், மற்றதெல்லாம் வெளியே என்ற போஸ்டர் பாணி அது. 1900-களின் தொடக்கத்தில் பிரீஸ்டர் என்ற தீக்குச்சிக் கம்பெனிக்காக லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞர் பெர்லினில் ஒரு போஸ்டர் வரைந்தார். அதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முதலில் மேசை, கட்டம் போட்ட விரிப்பு, சாம்பல் கிண்ணம், அதில் புகையும் சுருட்டு, புகைக்குள் ஆடும் பெண்கள், ஓரத்தில் தீக்குச்சி என்று எல்லாவற்றையும் வரைந்திருந்தாராம். பார்த்த நண்பர், 'சுருட்டு விளம்பரமா? நல்லாயிருக்கு' என்றிருக்கிறார். பெர்ன்ஹார்ட் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியில் தவிட்டுச் சிவப்புத் தரையில் இரண்டு தீக்குச்சி, மேலே பெயர். அவ்வளவுதான். சிவகாசித் தீப்பெட்டியில் மயிலும் தாமரையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் மொட்டையாகத்தான் தெரியும்.

நீங்களும் அழிக்க வேண்டியதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: மலை, தோட்டம், பழம் ஊட்டும் அம்மா, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி. குறியீட்டை வேண்டுமானால் அடியில் சின்னதாக ஒரு வரி போடலாம். மீதி ஒரே ஒரு பழம். அது தாள் நிறைய இருக்கட்டும், நிழல் வேண்டாம், தட்டையான இரண்டு மஞ்சள் போதும். சின்னப் பழத்தைப் பெரிதாகக் காட்டுவதே இங்கே விஷயம். 'மட்டி' என்ற சொல்லும் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ம, ட் இரண்டும் கட்டையான எழுத்து, தடிமனாகப் போட்டால் செங்கல் வைத்தது போல நிற்கும். ட்-டின் புள்ளியைப் பழத்தின் மஞ்சளிலேயே போட்டுப் பாருங்கள்.

குளச்சல், டிசைன் பழகும் இளைஞர்: எழுத்தை இடைவெளி விட்டுப் பரத்தினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகுது. என்ன செய்ய?

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஒருமுறை கொல்லங்கோட்டு விழாவுக்குப் போஸ்டர் செய்தேன். ஊர்ப் பெயரிலேயே ஒரு கொ, ஒரு கோ. என் திரையில் சரியாக இருந்தது, அச்சகத்துக் கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறி கொம்பு தனியாக, கால் தனியாக ஓடிவிட்டது. 200 தாள் அடித்த பிறகுதான் பார்த்தேன். தப்பு என்னுடையது, எழுத்தைக் கர்வ் ஆக்காமல், அதாவது கோட்டு வடிவமாக மாற்றாமல், கோப்பைக் கொடுத்திருந்தேன்.

ஆங்கில எழுத்தைப் பரத்துவது போலத் தமிழைப் பரத்தக் கூடாது. 'கோ' கண்ணுக்கு மூன்று துண்டு, ஆனால் ஒரே எழுத்து. வேர்ட் மென்பொருளில் செய்வது போல ஒரே இழுப்பில் இடைவெளி கொடுக்காமல், முழு எழுத்தாகப் பிரித்துக் கையால் நகர்த்துங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும்போதும் அப்படியே. பழைய போட்டோஷாப்பாக இருந்தால் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இன்ஜினுக்கு மாற்றிவிடுங்கள். கேட்டமரன் என்ற இலவச எழுத்துரு ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. பெயரே நம்ம கட்டுமரம்தான், குளச்சல்காரர் அதை விடலாமா? அகலத்தையும் மாற்ற வேண்டுமென்றால் அனேக் தமிழ்.

தக்கலை, ஆசிரியர்: நவம்பர் 1, குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளுக்கு ரஷ்யக் கன்ஸ்ட்ரக்டிவிசப் பாணியில் செய்யலாமா? சிவப்பு, கருப்பு, சாய்ந்த கோடு?

செய்யலாம் சார். ரஷ்யப் புரட்சிக் காலத்தில் வடிவங்களை வைத்தே பேசிய பாணி அது. ஆனால் இரண்டு இடத்தில் யோசிக்க வேண்டும். ரஷ்யாவில் சிவப்பும் கருப்பும் ஒன்றைச் சொல்லும். நம் சுவரில் அதே இரண்டு நிறம் சேர்ந்தால், பார்ப்பவர் முதலில் கட்சிப் போஸ்டர் என்றுதான் நினைப்பார். கருப்பை விட்டுவிட்டுக் கடல் நீலமோ செம்மண் நிறமோ எடுங்கள். இரண்டே நிறம் என்ற கட்டுப்பாடு மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று வடிவம். எல் லிசிட்ஸ்கி என்ற ரஷ்ய ஓவியர் 1919-20-இல், ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது செய்த போஸ்டரில் சிவப்பு முக்கோணம் ஆப்பு போல வெள்ளை வட்டத்தைக் குத்தி நுழைகிறது. எதிரியைப் பிளக்கச் சொல்லும் படம் அது. இணைந்த நாளுக்கு ஆப்பை வரைந்தால் பொருளே தலைகீழாகிவிடும். 1956-இல் வந்து சேர்ந்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள். சாய்ந்த நான்கு பட்டைகள் வந்து ஒரு பெரிய வடிவத்தோடு பொருந்துவது போலச் செய்தால், பாணியும் நிற்கும், சொல்ல வந்ததும் நிற்கும்.

அதே பாணியில் ரோத்சென்கோ என்ற ரஷ்யக் கலைஞர் 1924-இல் செய்த புத்தகப் போஸ்டரையும் பசங்களுக்குக் காட்டுங்கள். ஒரு பெண் வாயருகே கை வைத்துக் கத்துகிறார், சொல் ஒலிபெருக்கி மாதிரி விரிந்து வருகிறது.

கன்னியாகுமரி, சுற்றுலா வழிகாட்டி: பௌஹௌஸ் பாணியில வள்ளுவர் சிலை. வட்டம், சதுரம், முக்கோணம் வச்சு வரைஞ்சா போதுமா?

போதாது. மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்று அடுக்குவது இப்போது டீக்கோப்பையில்கூட வந்துவிட்டது. 1919-இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹௌஸ் என்ற அந்தக் கலைப் பள்ளியிடம் எடுக்க வேண்டியது அளவு பார்க்கும் புத்தி. சிலையிலேயே அளவு இருக்கிறது: பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்களின் எண்ணிக்கை. சிலை 95 அடி, பொருளும் இன்பமும். மொத்தம் 133. 30 அங்குல உயரத் தாளைக் கீழே எட்டரை அங்குலத்தில் ஒரு கோடு போட்டுப் பிரித்தால் ஏறக்குறைய அதே விகிதம். சிலையை வரையாமலே சிலை வந்து நிற்கும்.

அப்புறம், அங்கே ஹெர்பர்ட் பேயர் 1925-இல் பெரிய எழுத்தே (கேபிடல்) வேண்டாம், சிறிய எழுத்து மட்டும் போதும் என்று ஒரு எழுத்துருவே வரைந்தார். நமக்கு அந்தத் தகராறே இல்லை.

முட்டம் பக்கம், பங்குத் திருவிழாக் குழு: பத்து நாள் நிகழ்ச்சி, நிறைய பேர். அழகா எப்படி அடக்க?

சுவிஸ் பாணி இதற்கென்றே செய்தது போலிருக்கும். தாளைச் சம கட்டங்களாகப் பிரித்து, நாள் ஒரு பத்தி, நேரம் ஒரு பத்தி, நிகழ்ச்சி ஒரு பத்தி என்று போடுங்கள். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். தமிழ்ச் சொல் நீளம், இருபுறமும் சமன் செய்தால் நடுவில் ஓட்டை விழும். வரிக்கு வரி இடம் தாராளமாக விடுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் கூ-வும் கீழ்வரியின் கீ-யும் மோதிக்கொள்ளும். படங்களைக் கேட்டு வருவார்கள். கட்டத்தைக் காட்டி, இடம் இவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். எனக்கு இரண்டு முறை கைகொடுத்த உபாயம்.

தோவாளை, பூக்கடை: முக்கா பாணியில பூ சுத்தி ஒரு பெண் படம். அவர் படத்தையே எடுத்துக்கலாமா?

பாணிக்கு உரிமையாளர் இல்லை, படத்துக்கு உண்டு. பாரிஸில் பூவும் பெண்ணுமாகப் போஸ்டர் வரைந்த அல்போன்ஸ் முக்கா 1939-இல் இறந்தார். இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் உரிமை முடிகிறது, ஆகவே தடையில்லை. ஆனாலும் எடுக்காதீர்கள். உங்கள் கடையிலேயே பிச்சியும் அரளியும் இருக்கும்போது பாரிஸ் பூ எதற்கு? அவரிடமிருந்து எடுக்க வேண்டியது கோடு: உருவத்தின் வெளிக்கோடு தடிமன், உள்கோடு மெல்லியது.

அகஸ்தீஸ்வரம்: தாளா, ஃப்ளெக்ஸா?

தாள். 20×30 அங்குல டபுள் கிரவுன், இரண்டு நிறம், ஸ்கிரீன் பிரிண்ட். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. இங்க்ஜெட்டில் அடித்து ஒட்டினால் சாரலில் நிறம் ஒழுகிவிடும். மைதாப் பசையில் கொஞ்சம் துரிசு (மயில்துத்தம்) கலந்துகொள்ளுங்கள். கலக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளவும்.