பின் ஷாக் வாங்கும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு மார்த்தாண்டம் பக்கம். 650 சிசி பைக், இரட்டை ஷாக் வண்டி, 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. என் எடை 82 கிலோ, மனைவி 64 கிலோ. தூரப் பயணம் என்றால் இரண்டு பக்கமும் பெட்டி, சாமானோடு 20 கிலோ வரும். தனியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும் பெட்டியுமாகக் கிளம்பினால் வேகத்தடையில் பின்பக்கம் ‘டக்’கென்று அடிக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்றில் ஹேண்டில் கையில் நிற்பதில்லை. ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் அளவை, கடைசிப் படியில் வைத்தும் பார்த்துவிட்டேன். கேஸ் டப்பா வைத்த விலை கூடிய ஷாக் வாங்கலாமா? 20 மி.மீ. உயரம் கூடினதும் கிடைக்கிறதாம், அதை எடுக்கலாமா? எடுத்தால் எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

பதில்: வாங்கலாம். ஆனால் டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள், ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் சொல்கிற இரண்டு தொந்தரவுக்கும் காரணம் ஒன்றுதான்: பாரம் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அளவுக்கு மேல் தாழ்ந்துபோகிறது. தாழ்ந்த வண்டிக்கு மேற்கொண்டு அமுங்க இடம் இல்லை, அதனால் அடிக்கிறது. பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன் டயரில் பாரம் குறைந்த வண்டியை முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, அதுவும் ஆனி ஆடியில் ஓட்டினால் ஹேண்டில் எப்படி நிற்கும்? ராத்திரியில் உங்கள் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் இதே நோயின் அறிகுறிதான்.

முதலில் டயர் காற்று. வண்டிக் கையேட்டில் இரண்டு பேருக்கு என்று தனி அளவு போட்டிருப்பார்கள், அதைப் பிடியுங்கள். பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ் ஆடுகிறதா, ஷாக்கின் தண்டில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இவை சரியாக இருந்தால் அளக்க ஆரம்பிக்கலாம்.

இந்த அளவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கூட இரண்டு பேர் வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கட்டும். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஓர் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். ஆக்சில் நடுவிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் ஏறாமல் நிமிர்த்திப் பிடித்து அளக்கவும். பிறகு நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஏறிக் கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்கார வேண்டும். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். கடைசியாக மனைவியும் பெட்டியும் ஏறியபின் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் சீட்டை ஒரு தடவை அமுக்கி மெதுவாக விட்டு அளந்து, பிறகு லேசாகத் தூக்கி மெதுவாக விட்டு அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். ஷாக்கின் சீல் பிடித்துக்கொள்வதால் நாலைந்து மில்லிமீட்டர் அங்கே இங்கே காட்டும்.

சக்கரம் தொங்கும்போது எடுத்த அளவிலிருந்து மற்றவற்றைக் கழித்தால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று தெரிந்துவிடும். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொண்டால் பின் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் மொத்தமே 88 மி.மீ. பழைய ஹிமாலயன் 411-க்கு அது 180. ஆகவே இந்த மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு. ஆள் ஏறியதும் மொத்த தூரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் தாழ்வது நல்ல கணக்கு. 88-க்கு அது 26 மி.மீ. முழுப் பாரத்தோடு 31 வரை போகலாம். ஆள் ஏறாத வெறும் வண்டி 10 சதவீதம், அதாவது 9 மி.மீ. சுற்றி தாழ்ந்தால் சரி.

இப்போது உங்கள் பாரத்தைப் போட்டுப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு, ஒரு ஷாக்கின் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஷாக்குக்கும் சேர்த்து 40. அதாவது ஒவ்வொரு 4 கிலோவுக்கும் 1 மி.மீ. அமுங்கும். மனைவியும் பெட்டியுமாக 84 கிலோ, அதில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல்தான் இறங்கும். சுமார் 20 மி.மீ. கூடுதலாகப் போய்விட்டது. நீங்கள் ஏறியபோது போன 26-ஐயும் சேர்த்தால் 46. குழியைப் பார்ப்பதற்கு முன்பே பாதிக்கு மேல் காலி.

ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. அதே ஸ்பிரிங்தான், அதே 4 கிலோவுக்கு 1 மி.மீ.தான். ப்ரீலோடு வண்டியை மேலே தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். உங்களுக்குத் தேவையான 20 மி.மீ. உயரம் ப்ரீலோடு மாற்றுவதற்கென்று ஷாக்கில் இருக்கும் படி வைத்த காலரில் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் தனியாகப் போகிற நாளில் ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு நின்றுகொண்டு, குழியில் சக்கரம் கீழே இறங்க இடம் இல்லாமல் தட்டும். உங்கள் எண்களை இப்படிப் படியுங்கள்: ஆள் ஏறியபோது தாழ்வு சரியாக வரும்படி ப்ரீலோடை வைத்தபின், வெறும் வண்டி அசையவே இல்லை என்றால் ஸ்பிரிங் மெலிசு. வெறும் வண்டியே 15, 18 என்று தாழ்ந்தால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். மெலிசான ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருப்பதால்தான் அது அப்படி விறைத்து நிற்கிறது.

ஆகவே ‘எந்த வண்டிக்கு?’ என்று மட்டும் கேட்டு ஷாக்கை எடுத்து நீட்டுகிற கடை வேண்டாம். ‘உங்க எடை எவ்வளவு, பின்னால யாரு உட்காருவாங்க?’ என்று கேட்கிற இடத்தில் வாங்குங்கள். ஸ்வீடனின் ஓலின்ஸ், இங்கிலாந்தின் ஹேகன், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் போன்றவற்றில் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கலாம். வாரம் முழுக்கத் தனியாக, மாதம் ஒரு தடவை ஜோடியாக என்பது உங்கள் ஓட்டம் என்றால், முதலில் மெதுவாகவும் போகப்போகக் கடினமாகவும் அமுங்குகிற ப்ரோக்ரசிவ் ஸ்பிரிங்தான் என் தேர்வு. ப்ரீலோடை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகுகிற குமிழ் இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுங்கள். நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தப்போகிற வசதி அது.

டப்பா விஷயம். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருப்பதால், ஷாக் வேகமாக ஏறி இறங்கும்போது ஆயில் நுரைக்காது. ஆயிலும் கூடுதலாகப் பிடிக்கும், சூடும் மெதுவாக ஏறும். மலைப் பாதையில் மணிக்கணக்கில் ஓடினால் பலன் தெரியும். தவறான ஸ்பிரிங்கை அது சரிசெய்யாது. வாங்கும் முன் உங்கள் பெட்டி ஃப்ரேமை மாட்டிவைத்து டப்பா இடிக்கிறதா என்று பாருங்கள். ஷாக்கை வண்டியில் மாட்டுகிற மேல் வளையத்திலிருந்து கீழ் வளையம் வரை, அதாவது கண்ணிலிருந்து கண் வரை நீளம், புஷ்ஷின் துளை, அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு போகவும்.

20 மி.மீ. உயரம் வேண்டாம். பின்பக்கம் அவ்வளவு உயர்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து ஹேண்டில் சட்டென்று திரும்பும், நேரோட்டத்தில் நிதானம் குறையும். காற்றுக்குப் பயப்படுகிற உங்களுக்கு அது எதிர் மருந்து. சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும், சென்டர் ஸ்டாண்டில் போட்டாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழாமல் போகலாம். கம்பெனி நீளமே போதும்.

மாட்டியபின் தாழ்வை மறுபடி அளந்து ப்ரீலோடு வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு. பிறகுதான் ரீபவுண்டு, அதாவது அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பது. குமிழ் பெரும்பாலும் அடிக்கண் பக்கம் இருக்கும். மெதுவாக முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் தொடங்கி, இருபது நிமிடம் ஓட்டி ஆயில் சூடானபின், ஒரு தடவைக்கு இரண்டு கிளிக். அதே ரோடு, அதே வேகம்.

போன வருடம் குலசேகரத்திலிருந்து ஒருவர் புது ஷாக்கோடு என் பட்டறைக்கு வந்தார். பேச்சிப்பாறை ரோட்டில் முதல் இரண்டு குழி சுகம், அடுத்தடுத்த குழிகளில் கல்லாகிவிடுகிறது என்றார். சீட்டை அமுக்கிவிட்டேன். படுத்த எருமை எழுந்திருப்பதுபோல் எழும்பியது. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று ரீபவுண்டை மூடியே வைத்திருந்தார். ஒரு குழியிலிருந்து ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது, வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகிறது. இரண்டு பக்கமும் ஆறு கிளிக் திறந்துவிட்டேன். ரப்பர் தோட்ட வளைவுகளில் ஒரு சுற்று போய்வந்து, அதோடு கிளம்பிவிட்டார். இதற்கு நேர்மாறாக, வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால் ரீபவுண்டை மூட வேண்டும். ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கம்ப்ரெஷன் குமிழ் இருந்தால் அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

கடலோரம் அடிக்கடி போவீர்கள். தேங்காப்பட்டணமோ குளச்சலோ போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றித் தண்டைத் துணியால் துடையுங்கள். உப்பு அரித்த சிறு புள்ளி ஒன்று போதும், சீல் கிழிந்து ஆயில் இறங்கிவிடும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயைச் சீல் பக்கம் காட்ட விடாதீர்கள். கேஸ் ஷாக்கை வீட்டில் கழற்றிப் பார்க்கவே கூடாது, உள்ளே அழுத்தம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நிரப்பிவைத்து அளவெடுத்து, நான்கு எண்களையும் எழுதி அனுப்புங்கள். எந்த ஸ்பிரிங் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பணம் கட்ட வேண்டாம்.