தொலைவிலிருந்து கடலூரில் வீடு தேடுபவர் தரகரிடம் எதை ஒப்படைக்கலாம்?

கேள்வி: நாக்பூரில் பணியாற்றும் நான், அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றதும் கடலூரில் குடியேற எண்ணி, 60 லட்சம் ரூபாய்க்குள் தனி வீடு தேடுகிறேன். அங்குள்ள தரகர் ஒருவர் அலுக்காமல் வீடுகளைப் பார்த்து வீடியோ அனுப்புகிறார்; பொருந்தாதவற்றை அவரே வேண்டாம் என்கிறார். மூன்று நாளுக்கு மேல் விடுப்புக் கிடைக்காத நிலையில், அவரை நம்பியே முடிவெடுக்கலாமா?

பதில்: கமிஷன் போனாலும் பரவாயில்லை என்று ஒரு வீட்டை வேண்டாமெனச் சொல்லும் தரகர் கிடைப்பது அரிது; அவரை விட்டுவிடாதீர்கள். வீட்டையும் தெருவையும் உங்களுக்காகப் பார்க்கும் வேலையை முழுவதுமாக அவரிடம் கொடுக்கலாம். பத்திரத்தைப் படித்துச் சொல்லும் வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. அவர்மேல் ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. வீடு கைமாறினால்தான் அவருக்கு வருமானம். ஆகவே கைமாறாவிட்டாலும் தம் கட்டணத்தைப் பெறும் வழக்கறிஞர், அதுவும் நீங்களே தேர்ந்தெடுத்தவர், உரிமையைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும்.

கடலூரில் தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது வெள்ளத்தைப் பற்றித்தான். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் ஊர் இது. 2015 மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகியபோதும், எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நின்றது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். எனவே விற்பவரிடம் மட்டும் விசாரிக்காமல், எதிர்வீட்டாரையும் தெருமுனைக் கடைக்காரரையும் தொலைபேசியில் உங்களிடமே பேச வைக்கும்படி அவரைக் கேளுங்கள்.

வீடியோவை வாசலிலிருந்து தொடங்காமல், பேருந்து செல்லும் சாலையிலிருந்தே இடையில் நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள். பழைய தெருக்களில் சாலையை மேலும் மேலும் உயர்த்தியதில் பல வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. அறைகளை மட்டும் காட்டும் வீடியோவில் அது தெரியாது. சுற்றுச்சுவரில் நீர் நின்ற கோடு இருக்கிறதா, அடிச்சுவரை மட்டும் அண்மையில் பூசியிருக்கிறார்களா என்பதையும் அருகில் சென்று காட்டட்டும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ பெருமழை பெய்த மறுநாள் அவர் அந்தத் தெருவுக்கு ஒருமுறை போய்வந்தால், மற்ற எல்லா வீடியோக்களையும்விட அது உங்களுக்கு அதிகம் சொல்லும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதியிலோ சிப்காட் தொழிற்பேட்டையின் அருகிலோ வீடு அமைந்தால், ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்த பிறகே விலை பேசுங்கள்.

வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் தமிழக அரசின் இணையதளங்களில் நாக்பூரிலிருந்தே நீங்கள் பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதிவு செய்யாத உயிலோ, பத்திரத்தைத் தனியாரிடம் வைத்து வாங்கிய கைமாற்றோ அதில் வராது. அதனால்தான் மூலப் பத்திரங்களின் அசலை வழக்கறிஞர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

புதுச்சேரிச் சாலையில் வீடு காட்டினால், அது எந்த ஆட்சி எல்லைக்குள் வருகிறது என்று கேளுங்கள். ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். சற்று வடக்கே உள்ள கிருமாம்பாக்கம் புதுச்சேரி. பதிவு அலுவலகம், கட்டணம், நில ஆவணம் எல்லாமே மாறும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆவதால், 60 லட்சத்துக்கு வாங்கினால் 5 லட்சத்து 40 ஆயிரம் தனியாக வேண்டும். விலை 50 லட்சத்தை எட்டினால், இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்துவதும் உங்கள் பொறுப்பு.

தரகரின் கமிஷன் எவ்வளவு, எப்போது தருவீர்கள், விற்பவரிடமும் அவர் வாங்குகிறாரா என்பதை இப்போதே வெளிப்படையாகப் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை உழைத்தவரிடம் கடைசி நாளில் பேரம் பேசுவது முறையன்று. முன்பணத்தை மட்டும் அவர் கையில் கொடுக்காமல், விற்பவரின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்துங்கள்.

கிடைக்கும் மூன்று நாள் விடுப்பைத் தேடலில் செலவிடாதீர்கள். வழக்கறிஞர் சரி என்று சொன்ன இரண்டு வீடுகளை நேரில் பார்த்து, முன்பணம் கொடுத்து, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அதை வைத்துக்கொள்ளுங்கள். கிரயத்தன்று வர இயலாவிட்டால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் செல்லும்படி எழுதிய சிறப்பு அதிகாரப் பத்திரத்தை உங்கள் நெருங்கிய உறவினருக்குக் கொடுங்கள். எவ்வளவு நல்லவரானாலும் தரகருக்குக் கொடுக்க வேண்டாம்.