தோராச் சுருளின் முனைகளில் மணிகள் ஏன்?
யூதர்களின் மறைநூலான தோரா எழுதப்பட்ட தோல்சுருள் சுற்றப்பட்டிருக்கும் இரு மரத்தண்டுகளின் முனைகளில் மணிகள் தொங்கும் வெள்ளி அணிகளைச் செருகுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றின் எபிரேயப் பெயரான ‘ரிம்மோனிம்’ மாதுளம்பழங்களைக் குறிக்கும்; ஆசாரியனான ஆரோனுடைய அங்கியின் கீழோரத்தில் மாதுளம்பழ உருவங்களும் பொன்மணிகளும் மாறிமாறித் தொங்கவேண்டும் என்றும், அவன் பரிசுத்த இடத்திற்குள் நுழையும்போது அவற்றின் ஓசை கேட்கவேண்டும் என்றும் தோராவின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தின் 28ஆம் அதிகாரம் விதிப்பதை இவ்வணி நினைவூட்டுகிறது. யூதத் தொழுகைக்கூடத்தில் சுருளை வைத்திருக்கும் பேழையிலிருந்து அதை எடுத்துவரும்போது மக்கள் எழுந்து நிற்க, மணியோசை அதன் வருகையை அறிவிக்கும்.

சிசிலியின் கம்மராட்டா ஊரில் பயன்பட்ட, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோபுர வடிவ இணை ஒன்று இன்று ஸ்பெயினின் பால்மா பேராலயத்தில் உள்ளது; எஞ்சியவற்றுள் மிகப் பழமையானதாகக் கருதப்படும் அதைவிட அரிய சான்று வேறில்லை என்பேன். வாசிக்கத் தொடங்குமுன் இவ்வணிகளைக் கழற்றிவிட்டு, தோலின்மீது விரல் படாதிருக்க, கைவடிவ முனையுள்ள ‘யாத்’ என்னும் கோலால் வரிகளைச் சுட்டுவர்.