உளவு அமைப்புகள் தங்கள் பிரிவுகளின் வரலாற்றை ஏன் தாங்களே எழுதி வைக்கின்றன?

அமெரிக்காவின் சிஐஏ போன்ற அமைப்பு, தன் ஒவ்வொரு பிரிவும் என்ன செய்தது, ஏன் செய்தது என்று தன் ஆட்களுக்காகவே எழுதி வைக்கும் ரகசிய ஆவணம்தான் உள் வரலாறு.

ஆட்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள். கோப்பில் முடிவு இருக்கும். அதற்கு எப்படி வந்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. சுவருக்குள் ஒயர் எப்படிப் போகிறது என்று வரைந்து வைக்காத வீடு மாதிரிதான். பழைய எலக்ட்ரீஷியன் இல்லையென்றால், அப்புறம் சுவரை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

திட்டமிடும்போது எந்தக் காலகட்டம், எந்தக் கோப்புகள், யாரிடம் பேட்டி என்பதையெல்லாம் முடிவு செய்துவிடலாம். யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல். சிஐஏ பின்னிருந்து நடத்திய 1953 ஈரான் ஆட்சிக் கவிழ்ப்பின் உள் வரலாற்றை 1954-இல் எழுதிய டொனால்ட் வில்பர், அந்தச் சதியைத் திட்டமிட்டவர்களில் ஒருவர். விவரம் நிறைய கிடைக்கும், சரி. ஆனால் தன் வேலைக்குத் தானே மார்க் போடுகிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

உள் வரலாறு என்றால் அமைப்பின் ஒரே குரல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: பிக்ஸ் வளைகுடா தோல்வி (1961-இல் சிஐஏ ஏற்பாட்டில் கியூபா மீது நடந்த படையெடுப்பு) பற்றி சிஐஏ வரலாற்றாளர் ஜாக் ஃபைஃபர் எழுதிய உள் வரலாற்றின் ஐந்தாம் தொகுதி, சிஐஏ-வின் சொந்த விசாரணை அறிக்கையையே தாக்குகிறது, 2016-இல்தான் அது வெளியே வந்தது.